பெயர்கள் உரக்க வாசிக்கப்படும்போது

நூலகங்களைப் பற்றிப் புலம்புவது தமிழ் இலக்கிய வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். சிற்றிதழ்கள் தோன்றிய காலந்தொட்டு நாம் அதைச் செய்துவருகிறோம். நல்ல நூல்கள் வாங்கப்படுவதில்லை, வாங்கப்படுபவை எவராலும் படிக்கப்படுவதில்லை, தப்பித்தவறி வாங்கப்பட்ட நல்ல நூலும் கட்டுப் பிரிக்கப்படாமல் மூலையில் கிடக்கிறது என்பவை நம் கேள்விக்கு அப்பாற்பட்ட முடிவுகள். அவற்றில் பெருமளவு உண்மை இருக்கிறது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக இலக்கியக் கூட்டங்களிலும் புத்தகக் கண்காட்சித் தேநீர்க் கடைகளிலும் இதைப் பேசிய நம்மில் எத்தனை பேர் நமது ஊர்க் கிளை நூலகத்தின் வரவுசெலவை ஒருமுறையேனும் பார்த்திருக்கிறோம்? பார்க்க முடியும் என்பதையே பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அது நமது பணம். சொல்லழகுக்காகச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம். சீர்காழிக்காரரும் கணித ஆசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவருமான எஸ்.ஆர். ரங்கநாதனின் இருபதாண்டுப் பிடிவாதம் அதன் பின்னால் இருக்கிறது. அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. அரசின் கருணையை எதிர்பார்த்து நூலகம் நிற்கக் கூடாது, அதற்கென்று தனி வருவாய் வேண்டும் என்பது அதன் கருத்து. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. கிராமத்து வீட்டு வரி ரசீதில்கூட அது தனி வரியாக அச்சாகியிருக்கும். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகைக்குள் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வாழ்நாளில் நூலகப் படியேறாதவரும் நூலகத்தை நடத்துகிறார்.

வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தூரத்தில் பணம் தங்கிவிடுகிறது. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் முழுமையாகவும் உரிய காலத்திலும் செலுத்தாமல் பாக்கி வைத்திருப்பது ஆண்டுதோறும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்துபோகும் விஷயம். அந்தப் பத்தியை நாம் வாசித்துவிட்டுப் புத்தக மதிப்புரைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறோம்.

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம்மாற்றி, அக்கட்டிடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக 2011 நவம்பரில் அன்றைய அரசு அறிவித்தபோது எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கட்சி வேறுபாடு, குழு வேறுபாடு, ஒருவரையொருவர் பத்தாண்டுகளாக முகம்கொடுத்துப் பேசாத வேறுபாடு எல்லாம் ஒருவாரம் மறந்துபோயின. கையெழுத்துகள் திரண்டன. வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாம் வென்றதாகக் கருதிக் கலைந்தோம்.

உண்மையான கதை அதன் பிறகே தொடங்கியது. இடம்மாற்றத் தடை இருந்தது. பராமரிக்காமல் விடுவதற்குத் தடை எதுவும் இல்லை. புதிய நூல்களின் வரவு சுருங்கியது. இதழ்கள் நின்றன. காலிப் பணியிடங்கள் காலியாகவே இருந்தன. நூலக அரங்கம் ஒரு திருமண நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடப்பட்டதும் நடந்தது. எவரும் எந்த ஆணையிலும் கையெழுத்திடாமலே ஒரு நிறுவனத்தை மெல்லச் சாகவிடலாம் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. அக்காலம் முழுக்க நீதிமன்றத்தில் விடாமல் நின்றவர்கள் வழக்குத் தொடுத்த சிலரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் மட்டுமே. குளிரூட்டி இயங்குகிறதா, நூலகர் பணியிடம் நிரப்பப்பட்டதா, சந்தா கட்டப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொதித்தெழுந்த கூட்டத்தில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. இன்று அந்நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இடம் பிடிக்கக் காலையிலேயே வருகிறார்கள் என்றால், அதற்கு 2011இன் கண்டன அறிக்கைகளைவிடச் சுவாரசியமற்ற அந்த வாய்தா நாட்களுக்கே நன்றி சொல்ல வேண்டும் என்று கருதுகிறோம்.

கண்காணிப்பு என்ற சொல்லே தமிழில் சற்று உறுத்தலானது. உளவுத்துறையின் வாடை அதில் இருக்கிறது. ஆகவே அதை வாசிப்பு என்று அழைக்கலாமா என்று எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. இந்தியாவில் குடிமக்கள் ஓர் அரசு நிறுவனத்தின் கணக்கை முதன்முதலாகப் பொதுவில் கேட்ட விதத்தைப் பார்த்தால் அச்சொல் பொருந்தத்தான் செய்கிறது.

ராஜஸ்தானின் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் 1987இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் குடியேறினார்கள். அருணா ராய் இந்திய ஆட்சிப் பணியை 1975இல் உதறியவர். அவர் பள்ளிப் பருவத்தில் சென்னையிலும் படித்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1990 மே முதல் நாளில் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், உழவர் அமைப்பு உருவானது. அவர்கள் எதிர்கொண்ட பிரச்சினை எளியது. வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில். சரி, அப்பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், காட்ட முடியாது. ஒரு மக்களியக்கம் தகவல் என்ற அருவமான சொல்லை வந்தடைந்தது இந்த வழியில்தான். கூலியில் தொடங்கிக் காகிதத்தில் வந்து முட்டினார்கள்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை நடந்தது. ஜன் சுன்வாய் என்பார்கள். அதன் வடிவத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எப்படியோ கைக்குக் கிடைத்த வருகைப் பட்டியல்களையும் ரசீதுகளையும் வைத்துக்கொண்டு, ஊர் மக்கள் முன்னால் அவற்றை உரக்க வாசித்தார்கள். இன்ன நாளில், இன்ன வேலைக்கு, இன்னாருக்கு, இவ்வளவு கூலி. அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் அந்தப் பிரதியைத் திறனாய்வு செய்ய அவர்களைவிடத் தகுதியானவர் உலகில் எவருமில்லை. வாசிக்கப்பட்ட பெயருக்குரியவர் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவேயில்லை என்கிறார். இன்னொரு பெயர் வாசிக்கப்படுகிறது, அவர் செத்துப்போய் ஆண்டுகளாகின்றன என்று கூட்டத்திலிருந்து குரல் வருகிறது. கட்டி முடிக்கப்பட்டதாகப் பதிவான கட்டிடம் கண்முன்னே கூரையில்லாமல் நிற்கிறது. எழுதப்பட்டதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையேயான இடைவெளியை ஊரே சேர்ந்து அளந்த நாட்கள் அவை. பிரதி, வாசகர், அர்த்தம் என்று தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளிய அதே ஆண்டுகளில் இது நடந்தது என்பதைக் கொஞ்சம் குறும்போடுதான் நினைத்துக்கொள்கிறோம்.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று பொருள்படும் இந்தி முழக்கம் அப்போராட்டங்களின் அடையாளமானது. ஜன்சத்தா நாளேட்டின் பிரபாஷ் ஜோஷி அதைத் தம் போராட்டமாகவே எடுத்துக்கொண்டு எழுதினார். மறு ஆண்டு ஜெய்ப்பூரில் ஐம்பத்து மூன்று நாட்கள். ராஜஸ்தான் மாநிலச் சட்டம் 2000இல் வந்தது.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. 1997லேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நமது மாநிலம்தான். நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், சட்டத்தைப் படித்துப் பார்க்காதவரை. இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள், தகவல் மறுத்தவருக்குத் தண்டம் எதுவும் இல்லாத ஏற்பாடு. மேலிருந்து அருளப்பட்ட சட்டத்துக்கும் கீழிருந்து கேட்டுப் பெற்ற சட்டத்துக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அச்சட்டத்தை எவரும் கேட்டுப் போராடியிருக்கவில்லை. ஆகவே எவரும் பயன்படுத்தவும் இல்லை. 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்தில்தான் முப்பது நாள் கெடுவும், தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டமும் வந்தன.

எங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு நடுத்தர நகரத்துக் கிளை நூலகத்தைப் பற்றி இச்சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்தோம். ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊரைச் சொன்னாலும் பொருந்தும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒற்றைத் தாள் மனு. கடந்த மூன்றாண்டுகளில் அந்நகரத்தில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டது எவ்வளவு, அந்நூலகத்துக்கு வந்துசேர்ந்த நூல்களின் பட்டியல், கடைசியாக நூல் இருப்புச் சரிபார்க்கப்பட்ட தேதி. முதல் பதில் முப்பதாம் நாள் வந்தது: கோரப்பட்ட தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இவ்வலுவலகத்தில் இல்லை. மேல்முறையீடு செய்தோம். ஆவணங்களை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுத்துக்கொள்ளவும் இச்சட்டம் உரிமை தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. நமக்கெல்லாம் ஏற்ற பிரிவு அதுதான். அதைக் குறிப்பிட்டதும் ஒரு நாள் வரச் சொன்னார்கள்.

நூல் சேர்க்கைப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு காலகட்டத்து நூலகரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒவ்வொரு நூலின் எதிரிலும் பதிப்பகம், விலை, வந்த நாள். அவருக்குப் பின் பதிவுகள் சுருங்கிக்கொண்டே வந்து, ஓராண்டில் கட்டு எண்கள் மட்டும் இருந்தன. கட்டுகள் வந்திருக்கின்றன, பதிவாகவில்லை. பதிவாகாத நூலை அடுக்கில் வைக்க முடியாது. அடுக்கில் இல்லாததை வாசகர் கேட்க முடியாது. எவரும் கேட்கவில்லை என்பது அடுத்த ஆண்டுக் கொள்முதலுக்குக் காரணம் ஆகிறது. சதி என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஒருவரே இரண்டு நூலகங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்பது மட்டும் இருந்தது.

அந்த நூலகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. கணக்குக் கேட்பவர்களின் கேள்விகள் எப்போதும் ஏணியின் கடைசிப் படியில் நிற்பவரையே முதலில் சென்று தைக்கின்றன. இருப்புக் குறைந்தால் பொறுப்பு தன் தலையில் விழும் என்பதாலேயே நல்ல நூல்களை அலமாரியில் வைத்துப் பூட்டும் நூலகர்களை நாம் அறிவோம். ஊர்ப்புற நூலகங்களிலும் பகுதிநேர நூலகங்களிலும் பணிபுரிவோரின் ஊதியத்தைச் சொன்னால் எவருக்கும் வெட்கமாக இருக்கும். ஆகவே கேள்வி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். காலிப் பணியிடம் எத்தனை, வசூலான வரி எங்கே, கொள்முதல் யாருடைய முடிவு. எங்கள் மனுவின் விளைவு சிறியது. கட்டுகளைப் பதிவுசெய்ய வேறொரு நூலகத்திலிருந்து ஒருவரைச் சில வாரங்களுக்கு அனுப்பினார்கள். வரிக் கணக்கில் வசூலுக்கும் செலுத்தியதற்கும் ஏன் வேறுபாடு என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அது இரண்டாம் மேல்முறையீட்டில் இருக்கிறது.

கொள்முதல் என்றதும் நம் குரல் தாழ்ந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பதிப்புத் தொழில் பல பத்தாண்டுகளாக நூலக ஆணையை நம்பி மூச்சுவிட்டது. ஆணை கிடைத்தால் அச்சுச் செலவு மீளும். கிடைக்காவிட்டால் கட்டிலுக்கடியில் புத்தகக் கட்டுகள். இந்நிலையில் பதிப்பாளர் கேள்வி கேட்க மாட்டார், எழுத்தாளர் பதிப்பாளரைச் சங்கடப்படுத்த மாட்டார். நமது மௌனத்துக்கு அழகியல் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், பொருளியல் காரணம் இது ஒன்றே போதும். 2024இல் அரசு வெளிப்படையான நூல் கொள்முதலுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டு, விண்ணப்பத்தை இணையவழிக்கு மாற்றியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வெளிப்படை என்பது பார்ப்பவர் இருந்தால் மட்டுமே பொருள்படும் சொல். எந்த நூல் எதற்காகத் தேர்வானது, எது ஏன் நிராகரிக்கப்பட்டது, எத்தனை படிகள் எங்கே சென்றன என்பதை ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்கும் வாசகர் பத்துப் பேர் இல்லாவிட்டால், அதுவும் இன்னொரு இணையப் பக்கமாக நின்றுவிடும்.

இப்போது சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 2005 சட்டம் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு வருகிறது. 2019இல் ஒரு திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்தது. 2023இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைவிட ஆழமாக வெட்டியது. முன்பு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பற்ற தனிநபர் தகவலை மட்டுமே மறுக்கலாம். அதுவும் பெரும் பொதுநலன் இருந்தால் தந்தாக வேண்டும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற அருமையான நிபந்தனையும் அப்பிரிவில் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி அவையெல்லாம் அப்பிரிவிலிருந்து நீங்கிவிட்டன. தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம், அவ்வளவே. பொதுநலனைக் காட்டிக் கேட்க வேறொரு பிரிவு எஞ்சியிருக்கிறது என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அங்கே பொதுநலன் பெரிதா தீங்கு பெரிதா என்று முதலில் எடைபோடுபவர் மறுக்க விரும்பும் அந்த அலுவலகமே.

கோட் கிரானாவில் வாசிக்கப்பட்டது என்ன? பெயர்கள். இன்னார் இன்ன நாளில் இவ்வளவு கூலி பெற்றார் என்பதைவிடத் தெளிவான தனிநபர் தகவல் வேறென்ன இருக்க முடியும்? பெயரை நீக்கிவிட்டு நாற்பது பேர் வேலை செய்தனர் என்று மட்டும் வாசித்திருந்தால், செத்துப்போனவரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கூட்டம் கேட்டுவிட்டுக் கலைந்திருக்கும். நூலகத்திலும் அப்படித்தான். தேர்வுக் குழுவில் இருந்தவர் யார், அவருடைய நூல் எத்தனை தேர்வாயிற்று என்ற கேள்வியைப் பெயரில்லாமல் கேட்கவே முடியாது. அந்தரங்கத்தை நாமும் மதிக்கிறோம். ஒரு வாசகர் என்ன நூல் எடுத்துப் படித்தார் என்பது அந்தரங்கம். ஒரு நூலை மக்கள் பணத்தில் வாங்கச் சொல்லிக் கையெழுத்திட்டவர் யார் என்பதும் அந்தரங்கமா? பழைய பிரிவு இவ்விரண்டையும் பிரித்தறிந்தது. புதியதற்கு அந்தப் பார்வை இல்லை.

தகவல் கேட்டவர்கள் உயிரையே விலையாகக் கொடுத்த நாடு இது. கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நூலகக் கணக்குக் கேட்பவரை எவரும் சுடப்போவதில்லை. சலிப்பூட்டி அனுப்புவார்கள், அவ்வளவுதான். இருந்தும் நாம் கேட்கத் தயங்குகிறோம்.

அண்டை மாநிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் நம் வழக்கம் என்பதால் கேரளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1945இல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய நூலகச் சங்கத்தில் நாற்பத்தேழு நூலகங்கள் சேர்ந்தன. இன்றும் அங்கே பெரும்பாலான நூலகங்களை அந்தந்த ஊர் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழுவே நடத்துகிறது. 1989 சட்டம் அமைத்த நூலகக் கவுன்சிலும் தேர்தல் வழியாகவே வருகிறது. அரசியல் கட்சிகளின் சண்டை நூலகத் தேர்தலிலும் புகுந்துவிடுகிறது என்று மலையாள நண்பர்கள் அலுத்துக்கொள்வார்கள். நூலகத்துக்காகச் சண்டை போடும் ஊர் நமக்கு வாய்க்கவில்லையே என்று நாம் அலுத்துக்கொள்ளலாம். நமது நூலகங்கள் துறையால் நடத்தப்படுகின்றன. இங்கே வாசகர் பயனாளி மட்டுமே.

ஆனால் நம்மிடமும் வாசகர் வட்டம் என்ற ஒன்று ஏட்டளவில் உண்டு. பல நூலகங்களில் அது ஆண்டுக்கு ஒருமுறை நூலக வார விழாவில் பொன்னாடை போர்த்துவதோடு முடிந்துவிடுகிறது. மேகாலயா 2017இல் அரசுத் திட்டங்களுக்குச் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கித் தனிச் சட்டமே இயற்றியது. அப்படியொரு சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாசகர் வட்டக் கூட்டத்தில் அவ்வாண்டு வந்த நூல்களின் பட்டியலையும் நூலக வரிக் கணக்கையும் காலிப் பணியிட விவரத்தையும் உரக்க வாசிப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கிராம சபையில் ஊராட்சியின் நூலக வரிக் கணக்கைக் கேட்பதற்கும் தடையில்லை.

எங்கள் நண்பர்கள் அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை ஐந்து ஊர்கள், ஒரே நாளில், ஒரே கேள்விகள். கடைசிக் கேள்வி நூல் தேர்வுக் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல். என்ன பதில் வருகிறது என்பதை, மறுப்பாக இருந்தால் எந்தப் பிரிவின்கீழ் மறுத்தார்கள் என்பதோடு, இங்கேயே வெளியிடுவோம். தமது ஊரையும் சேர்த்துக்கொள்ள விரும்பும் வாசகர்கள் முதலில் வீட்டு வரி ரசீதைத் தேடி எடுத்து, அதில் நூலக வரி என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்து வைக்கவும்.